மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பை - வாங்குமுன் யோசியுங்கள், வாங்கியபின் பேணுங்கள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின இரவில் பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இப்போது ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸையும் ரயிலையும் நம்பி இருப்பதில்லை. டிக்கெட் கிடைக்காதவர்கள், கிடைத்தாலும் பண்டிகைக் காலக் கட்டணத்தைக் கண்டு மலைத்தவர்கள், லீவு கடைசி நேரத்தில் சாங்ஷன் ஆனவர்கள் எனப் பலரும் மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று விடிய விடிய ஓட்டுகிறார்கள்.

இவர்களில் பாதிப் பேரின் சாமான்கள் எங்கே இருக்கின்றன? ஒருவர் பெட்ரோல் டாங்கின்மேல் ஒரு பையை வைத்து வயிற்றால் அழுத்திக்கொண்டு போகிறார். இன்னொருவர் முதுகில் பத்துக் கிலோ பையைச் சுமக்கிறார். மற்றொருவரின் மனைவி ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் துணிப்பையையும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை.

வண்டியின் இரு பக்கமும் தொங்கும் பக்கப்பை, கடைக்காரர் பாஷையில் ‘சேடில் பேக்’, இந்தத் தொல்லைக்கு நல்ல தீர்வு. ஆனால் தவறான பையைத் தவறான முறையில் மாட்டினால் தீர்வே தொல்லையாகிவிடும். சக்கரத்தில் சிக்கிய ஒரு வார், ஓடும் வண்டியை ஒரு நொடியில் சாய்த்துவிடும். ஆகவே சில நூறு ரூபாயோ சில ஆயிரம் ரூபாயோ கொடுத்து வாங்குமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

குதிரையிலிருந்து வந்த பை

சேடில் என்றால் குதிரையின் சேணம். சேணத்தின் குறுக்கே போட்டு, இரு பக்கமும் சமமாகத் தொங்கவிடும் பைதான் சேடில் பேக். குதிரை போய் மோட்டார் சைக்கிள் வந்தபோது பையும் கூடவே வந்துவிட்டது. அமெரிக்காவின் நீண்ட சாலைகளுக்காக உருவான க்ரூசர் ரக வண்டிகளில் இது ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. தாழ்வான சீட், உயர்ந்து பின்னோக்கி வளைந்த ஹாண்டில், காலை முன்னே நீட்டி வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ஆகியவை க்ரூசரின் அடையாளங்கள்.

நம் நாட்டில் இந்த வகை வண்டிகள் பரவலானது இந்த நூற்றாண்டில்தான். 2002இல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டும், 2005இல் பஜாஜ் அவெஞ்சரும் வந்தன. தண்டர்பேர்டின் இடத்தில் 2020இல் மீட்டியர் 350 வந்தது. அதற்கு முன்பே, 1955இல் சென்னையில் உற்பத்தி தொடங்கிய புல்லட்டிலும், மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா, எஸ்டி வண்டிகளிலும் பக்கப்பை கட்டி ஊர் ஊராகச் சென்றவர்கள் உண்டு. இங்கே சொல்லப்படுபவை அந்தப் பழைய வண்டிகளுக்கும் பொருந்தும்.

முதலில் வண்டியைப் பாருங்கள்

பலர் கடைக்குப் போய்ப் பையைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வண்டியை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, சைலன்ஸர். அவெஞ்சர், மீட்டியர் போன்றவற்றில் வலப்பக்கம் மட்டுமே சைலன்ஸர். எஸ்டி ரோட்கிங்கிலும், 2018இல் மறுபிறவி எடுத்த ஜாவாவிலும் இரண்டு பக்கமும் உண்டு. ஓடிய வண்டியின் சைலன்ஸர் நைலானை உருக்கும், தோலைச் சுருக்கும், ரெக்ஸினைப் பொசுக்கும். பையின் அடிக்கும் சைலன்ஸருக்கும் இடையே குறைந்தது நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். அதையும் வெறும் வண்டியில் அளந்து பயனில்லை. ஓட்டுபவரும் பின்னால் ஒருவரும் உட்கார்ந்து, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மூன்றாமவர் அளக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பை இன்னும் கீழே வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டு, பின் சக்கரமும் செயினும். பல வண்டிகளில் மட்கார்டின் பக்கவாட்டில் பையைத் தாங்க ஒன்றுமில்லை. காலியான மெல்லிய பை காற்றில் உள்ளே சாய்ந்து, ஷாக் அப்சார்பருக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாகச் சக்கரத்தைத் தொடும். நிறைந்த பையைவிட அரைகுறையாக நிரம்பிய பையிலேயே இந்த ஆபத்து அதிகம்.

மூன்று, விளக்குகள். பின் இண்டிகேட்டர் பைக்குப் பின்னால் மறைந்துவிட்டால், நீங்கள் திரும்பப் போவது பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரியாது. பின்விளக்கும் நம்பர் பலகையும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம். பை மறைக்கிறது என்றால் அந்தப் பை உங்கள் வண்டிக்கு ஆகாது.

சேலைக் காப்பைக் கழற்றாதீர்கள்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பின் சக்கரத்தின் இடப்பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டமோ தகடோ இருக்கிறதே, அதை ‘சாரி கார்டு’ என்பார்கள். பின்னால் உட்காருபவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமலிருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

பை மாட்டிக் கொடுக்கும் சில கடைகளில், “இது இடிக்குது சார், எடுத்துடலாம்” என்று சொல்லி அந்தக் காப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்புக்கொள்ளவே கூடாது. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கிப் பெண்கள் உயிரிழந்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். காப்பை விட்டுவைத்து அதற்கு வெளிப்புறம் பையைத் தாங்கும் இரும்புச் சட்டம், கடைகளில் ‘ஸ்டே’ என்று கேட்டால் கிடைப்பது, வண்டியின் சேஸிஸில் போல்டு போட்டு மாட்டப்படும். அதையே வாங்குங்கள்.

மனைவியோ தாயாரோ ஒரு பக்கமாகவே உட்காரும் வழக்கமுடையவர் என்றால் இடப்பக்கப் பையால் அவர் காலுக்கு இடமில்லாமல் போகும். கால் ஃபுட்ரெஸ்ட்டில் பதியாமல் பையின்மேல் தொங்கும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இரட்டைப் பை வேண்டாம். இருபுறமும் கால் போட்டு உட்காரச் சம்மதிப்பாரானால் வாங்கலாம். இல்லையேல் சீட்டுக்குப் பின்னால் காரியர் போட்டு ஒரு சிறு பெட்டி வைத்துக்கொள்வதே மேல். பை வாங்கப் போகும்போது பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்துச் சென்று உட்கார வைத்துப் பாருங்கள்.

எந்தப் பொருளால் ஆன பை?

தோல்: பார்வைக்குத் தோலுக்கு ஈடில்லை. தமிழருக்குத் தோல் தொழில் புதிதுமல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தோல் பதனிடுவதில் பெயர் பெற்ற ஊர்கள் நம்மிடம் உண்டு. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவது நம் பழைய முறை. குரோமிய உப்பால் பதனிடும் முறை பின்னர் வந்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நின்று வடிவம் காக்கும். சேணத்துக்கும் பெல்ட்டுக்கும் ஏற்றது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். குரோம் தோல் மெத்தென்றிருக்கும், ஈரத்தையும் சூட்டையும் ஓரளவு அதிகம் தாங்கும். ஆனால் உள்ளே அட்டையோ பிளாஸ்டிக் தகடோ வைத்துத் தைக்காவிட்டால் தொய்ந்துபோகும். எதுவானாலும் தோல் பை என்பது வீட்டில் ஒரு பிராணியை வளர்ப்பது மாதிரி. கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரெக்ஸின், ‘பி.யு. தோல்’: தோல் போலவே இருக்கும், விலை குறைவு. மடித்துப் பார்த்தால் பின்புறம் துணி தெரியும். உண்மைத் தோலின் பின்புறம் நார் நாராக இருக்கும். ‘தோல் மாதிரி’ என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. தோல் என்றே சொல்லி விற்றால் ஏமாற்று. பி.யு. வகை, நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருஷங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்ததைச் சீராக்க வழியில்லை.

கான்வாஸ், நைலான், பாலியெஸ்டர்: அலுவலகத்துக்கும் ஊருக்கும் போய்வரும் சாமானியருக்கு ஏற்றவை இவையே. எடை குறைவு, கழுவலாம், தையற்காரர் தைத்துக் கொடுப்பார். விளம்பரத்தில் ‘1680 டெனியர்’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். எண் கூடினால் நூல் தடிப்பு. ஆனால் நூல் தடிப்பாக இருந்து தையல் மோசமாக இருந்தால் பயனில்லை. வார் பையோடு சேரும் இடத்தில் பெட்டிபோல் நாலு பக்கமும் தைத்து, நடுவே குறுக்குத் தையலும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பை கிழிந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

ஃபைபர், இரும்பு, அலுமினியப் பெட்டிகள்: பூட்டலாம், மழை புகாது. ஆனால் பெட்டியின் எடையே கூடுதல், விலையும் அதிகம். நெரிசலில் புகுந்து போகும்போது அகலம் தொந்தரவு தரும். வேலை நிமித்தம் தினமும் சாமான் கொண்டுபோகும் மெக்கானிக், சர்வீஸ் என்ஜினியர் போன்றவர்களுக்குத்தான் இது லாபம்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் ஜே.சி. ரோடு, டில்லியில் கரோல்பாக் போன்ற இடங்களில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மும்பை வாசகர்களுக்குத் தாராவியின் தோல் கடைகளைச் சொல்லத் தேவையில்லை. அங்கே தோல் தொழிலை வளர்த்ததில் தமிழகத்திலிருந்து சென்றவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கே வாங்கினாலும் வண்டியை வாசலில் நிறுத்தி, மாட்டிப் பார்த்தபின் பணம் கொடுங்கள். படத்தைப் பார்த்து ஆர்டர் செய்பவர்கள், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

எத்தனை லிட்டர்?

பையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். குழப்பம் வேண்டாம். நீளம், உயரம், அகலம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 40 சென்டிமீட்டர் நீளம், 30 உயரம், 15 அகலம் என்றால் 18,000. அதாவது 18 லிட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 36 லிட்டர். இருவருக்கு மூன்று நாள் துணிமணிக்கு இது தாராளம்.

பெரிய பை வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். இடம் இருந்தால் மனிதன் நிரப்பிவிடுவான், அதுதான் சிக்கல். போகும்போது இரண்டு செட் துணியோடு போகிற பை, திரும்பும்போது புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் டின், அரை டஜன் தேங்காய், அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி என்று இரண்டு மடங்கு கனத்தோடு வரும். துணிப்பைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 5 கிலோ அளவில்தான் எடை சொல்கிறார்கள். பையில் ஒட்டியுள்ள சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே வரம்பு.

வண்டிக்கும் வரம்பு உண்டு. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று போட்டிருக்கும். அதில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சாமான்கள் எல்லாம் அடக்கம். ஓட்டுபவர் 70 கிலோ, மனைவி 60 கிலோ என்றால் 130 ஆயிற்று. மிச்சம் எவ்வளவோ அதில்தான் பையும் பையிலுள்ளதும். புளி, எண்ணெய், தேங்காயைப் பார்சல் சர்வீஸில் போட்டு அனுப்புவது கேவலமல்ல.

நிரப்புவதற்கும் முறை உண்டு

கனமான சாமான் அடியிலும், வண்டியின் நடுப்பகுதியை ஒட்டி முன்பக்கமாகவும் இருக்க வேண்டும். துணி மேலே. இரு பைகளின் எடையும் சமமாக இருக்க வேண்டும்; சந்தேகம் இருந்தால் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் கனத்தால் ஹாண்டில் அந்தப் பக்கம் இழுக்கும், ஈரச் சாலையில் அது ஆபத்து.

எண்ணெய், நெய், தின்பண்டம் எதையும் சைலன்ஸர் பக்கப் பையில் வைக்காதீர்கள். நெய் உருகும், சூட்டில் மூடி கசியும். கண்ணாடி ஜாடியைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பையில் வைப்பது உயிரோடு விளையாடுவது. பணம், நகை, படிப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்குப் பக்கப்பை இடமல்ல. ஹோட்டலில் டிபன் சாப்பிடும் பத்து நிமிஷத்தில் பிளேடால் பையைக் கிழித்துக்கொண்டு போகச் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள்.

சைலன்ஸர் இல்லாத பக்கத்தில் ஒரு சிறு பொட்டலம் நிரந்தரமாக இருக்கட்டும். ஸ்பார்க் பிளக், அதற்கான ஸ்பானர், ஒரு கிளட்ச் கேபிள், பஞ்சர் சாமான், கொஞ்சம் கட்டுக்கம்பி, டார்ச். நடு இரவில் தர்மபுரிக்கு அப்பால் வண்டி நின்றால் இதன் அருமை தெரியும்.

பாரம் ஏறியதும் பின் டயரின் காற்றைப் புத்தகத்தில் இருவருக்கென்று போட்டுள்ள அளவுக்கு உயர்த்த வேண்டும். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஐந்தாறு படிகளில் இறுக்கும் வசதி பெரும்பாலான வண்டிகளில் உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒரே படியில் வையுங்கள். கனம் கூடினால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். பெங்களூர் - சேலம் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடக்கும் விபத்துகள் எல்லோரும் அறிந்தவை. அங்கே பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து மெதுவாக இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்கவே கூடாது.

புறப்பட்டு இருபது கிலோமீட்டர் போனதும் ஓர் இடத்தில் நிறுத்தி வார்களையும் போல்டுகளையும் தொட்டுப் பாருங்கள். புதிதாகக் கட்டிய வார் அந்த தூரத்துக்குள் தளர்ந்துவிடும். வாரின் நீண்ட நுனிகளைச் சுருட்டி ரப்பர் பாண்டு போட்டோ முடிந்தோ வையுங்கள். தொங்கும் நுனிதான் சக்கரத்துக்குள் முதலில் போகும்.

மழைக்கு என்ன வழி?

பையோடு ஆரஞ்சு நிறத்தில் மழை உறை கொடுப்பார்கள். வேகத்தில் காற்று புகுந்து உறை உப்பி, எலாஸ்டிக் நழுவி, சக்கரத்தில் மாட்டக்கூடும். அதை நம்புவதைவிடச் சாமான்களைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, பிறகு பக்கப்பைக்குள் வைப்பது உத்தமம். வெளிப்பை நனைந்தாலும் உள்ளே துணி காய்ந்திருக்கும்.

பராமரிப்பு

தோல் பைக்கு: நனைந்தால் வீடு சேர்ந்ததும் காலி செய்து, உலர்ந்த துணியால் ஒற்றி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தாளை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். வெயிலில் வைப்பது, அடுப்படியில் வைப்பது, சூடான சைலன்ஸர் பக்கம் சாய்த்து வைப்பது எல்லாம் தோலைக் கருவாடாக்கிவிடும். உலர்ந்தபின் தோலுக்கென்று விற்கும் எண்ணெயையோ தேன்மெழுகு கலந்த களிம்பையோ மெல்லியதாகத் தடவித் துடையுங்கள். நிறம் மாறுமா என்று முதலில் அடிப்புறத்தில் ஒரு மூலையில் தடவிப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாளானால் சிக்கு நாற்றம் வரும், தூசியைப் பிடிக்கும்.

ஜூனில் மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை எண்ணெய் காட்டினால் போதும். மழைக்காலத்தில் பையை அலமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சாணம் பிடிக்கும். பிடித்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துடைத்து, நன்றாக உலர்த்தியபின் எண்ணெய் தடவலாம். பாலிதீன் உறையில் மூடி வைக்காதீர்கள், பழைய பருத்தித் தலையணை உறை போதும்.

துணிப்பைக்கு: மென்மையான பிரஷ், சாதாரண சோப்புத் தண்ணீர். வாஷிங் மெஷினில் போட்டால் உட்புறம் பூசியுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு உரிந்துவிடும். ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியால் பல்வரிசையில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ரெக்ஸினை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும்.

எந்தப் பையானாலும்: மாதம் ஒருமுறை கழற்றுங்கள். பைக்கும் வண்டிக்கும் இடையே சேரும் மணல், எமரித் தாள்போல் பெயின்டைத் தேய்த்துவிடும். துடைத்துவிட்டு, பை உரசும் இடத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டலாம். ஸ்டேயின் நட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு பக்கிள் துருப்பிடித்தால் வாரையும் அரிக்கும், பித்தளையோ ஸ்டெயின்லஸ் ஸ்டீலோ மாற்றிக்கொள்ளுங்கள். தையல் ஓர் அங்குலம் பிரிந்தபோதே தெருமுனைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் மெழுகு நூலால் தைத்துக் கொடுத்துவிடுவார். ஒரு சாண் பிரிந்தபின் போனால் புதுப்பை வாங்க வேண்டியதுதான்.

ஊர் போய் வந்த களைப்பில் பையை அப்படியே வண்டியில் விட்டுவிடுவது பலரின் பழக்கம். ஈரத் துணியும், சிந்திய எண்ணெயும், மறந்துபோன வாழைப்பழமும் ஒரு வாரத்தில் நல்ல பையைக் கெடுத்துவிடும். வீட்டுக்குள் நுழைந்த அன்றே பையை உதறித் துடைத்து, காலியாக இருக்கும் நாட்களில் வண்டியிலிருந்து கழற்றி வையுங்கள். காலிப் பைதான் சக்கரத்தை நாடும் என்று முன்பே சொன்னோம். அடுத்த பண்டிகைக்கு மறுபடி மாட்டும்போது, மேலே சொன்ன மூன்று இடங்களையும், சைலன்ஸர், சக்கரம், விளக்கு என்ற வரிசையில், இன்னொரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.